கூப்பிடாத பெயர்

ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் எனக்கும் கொடிக் கமிட்டிக்கும் சண்டை வரும். போருக்குப் போனவர்களின் கல்லறைகளில் சின்னக் கொடி நடுகிற நாள் அது. எங்கள் வடக்கு ஹார்லோவில் பழைய குடும்பம் என்றால் வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் சொந்த இடுகாடு ஒன்று இருக்கும். கமிட்டி ஆட்கள் வண்டியில் வந்து, கல்லைத் தேடி, கொடியைக் குத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ஃபர்பிஷ் குடும்பத்து இடுகாட்டில் மட்டும் நான் முன்கூட்டியே நட்ட கொடி ஒன்று நிற்கும். கல்லுக்கு முன்னால் அல்ல, இரண்டு கல்லுக்கு நடுவே வெறும் புல்லில்.

"ரோடா, இங்க யாருமே இல்லையேம்மா. வெறும் மண்ணுக்கா கொடி?" என்பான் கமிட்டித் தலைவன்.

"யாருமில்லைன்னுதான் நட்டிருக்கேன். உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போடா" என்பேன்.

அந்தக் கொடியை முதலில் நட்டது நானில்லை, என் பக்கத்து வீட்டு ஆல்டன் ஃபர்பிஷ். அவரும் இப்போது அங்கேதான் மதிலோரம் தன் மனைவி பக்கத்தில் படுத்திருக்கிறார். அவருக்குக் கொடி கிடையாது. அவர் எந்தப் போருக்கும் போனவரில்லை.

போக ஆசைப்படாமல் இல்லை. ஏழு வயதில் இடது காதில் சீழ் பிடித்து, வைத்தியர் காதுக்குப் பின்னால் கத்தி வைத்து, உயிர் பிழைத்தது, காது போய்விட்டது. கொரியாவில் சண்டை நடந்தபோது கூடப் படித்தவர்களோடு சேர்ந்து அவரும் உடல் பரிசோதனைக்குப் போனார். மற்றவர்கள் அங்கிருந்தே பயிற்சிக்குப் போய்விட்டார்கள். இவர் மதியப் பேருந்தில் திரும்பி வந்தார். களத்தில் வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்து, "என்னடா, சண்டை முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாராம். அப்பா வேடிக்கைக்குத்தான் கேட்டிருப்பார். ஊர் அதை விடவில்லை. ஆல்டன் கடைக்குள் நுழைந்தாலே எவனாவது ஒருத்தன், "வாய்யா, சண்டை முடிஞ்சிடுச்சா?" என்பான். அறுபது வயதுவரை அதைக் கேட்டார் மனிதர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

அப்படிக் கேட்டவனுக்கெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "எங்க குடும்பத்துக்கு ஜோதம் தாத்தா ஒருத்தர் போனதே போதும். அவரு லூயிஸ்பர்க் போனவரு."

எங்கள் பக்கத்தில் அதற்கு மரியாதை உண்டு. அமெரிக்கா என்று ஒரு நாடே இல்லாத காலம், நாங்கள் இங்கிலாந்து ராஜாவின் குடிகள். வடக்கே பிரெஞ்சுக்காரன் கடலோரத்தில் லூயிஸ்பர்க் என்று பெரிய கோட்டை கட்டி வைத்திருந்தான். 1745 வசந்தத்தில் எங்கள் ஊர்களிலிருந்து மீன் பிடிக்கிறவனும் மரம் அறுக்கிறவனும் ஏர் பிடிக்கிறவனும் படகேறிப் போய் அந்தக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். பிறகு நடந்ததை யாரும் அவ்வளவு பெருமையாகச் சொல்வதில்லை. கோட்டையைக் காக்க அங்கேயே நிறுத்தப்பட்டவர்கள் குளிரிலும் காய்ச்சலிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மண் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முடியாமல் வீட்டுத் தரைப் பலகைக்கு அடியிலேயே புதைத்தார்களாம். அப்புறம் மூன்று வருடத்தில் லண்டன்காரர்கள் உட்கார்ந்து பேசி, அதே கோட்டையைப் பிரெஞ்சுக்காரனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்தியாவில் மதராஸ் என்கிற ஊரை வாங்கிக்கொண்டார்கள். ஆல்டன் உலகப் படத்தை விரித்து அந்த ஊரை எனக்குக் காட்டியிருக்கிறார். "இதோ பாரு ரோடா, எங்க தாத்தா பட்ட பாடு எங்க போய்ச் சேந்திருக்கு" என்று.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிக்கிற எண்ணெயை வீடு வீடாக, நிலவறைத் தொட்டிகளில் ஊற்றுகிற லாரி ஓட்டினார் ஆல்டன். ஊரில் ஒவ்வொரு வீட்டு நிலவறையும் அவருக்கு அத்துபடி. யார் வீட்டில் எத்தனை காலிச் சாராயப் புட்டி, யார் வீட்டில் கணவன் கீழே தனிக் கட்டில் போட்டிருக்கிறான், எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வராது. பேசுவதெல்லாம் அவர் மனைவி ஐயோன். செருப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை அவளுக்கு. இயந்திர இரைச்சலையும் மீறிக் கத்திப் பேசிப் பழகியவள். எங்கே போனாலும் அவருடைய வலது பக்கம், நல்ல காதுப் பக்கம்தான் உட்காருவாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஃபர்பிஷ் என்ற பெயரில் ஊரில் வேறு யாரும் மிச்சமும் இல்லை.

ஐயோன் செத்த பிறகு அவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார். பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றபடி டப்பாவிலிருந்தே கரண்டியால் அள்ளி விழுங்குவார். என் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யோவ், குதிரைகூட நின்னு திங்கும். நீ மனுசன்தானே? உக்காந்து தின்னு!" என்று ஜன்னலைத் திறந்து கத்துவேன்.

கேட்காது. செவிட்டுக் காது என் வீட்டுப் பக்கம்.

சனிக்கிழமை தேவாலயத்தில் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற மொச்சை விருந்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனால், மேசைக் கடைசியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது பாதி விளங்காமல் தலையாட்டிவிட்டு, முதல் ஆளாக எழுந்து வந்துவிடுவார். தனியாக இருப்பதைவிட அது அவருக்குக் கொடுமையாக இருந்திருக்கும்.

அப்படி இருந்தவரை மாற்றியது லூயிஸ்பர்க் வாரிசுகள் சங்கம். அவர்கள் வருடா வருடம் ஜூன் பதினேழாம் தேதி, கோட்டை விழுந்த நாளில், கடலோரத்து விடுதி ஒன்றில் மதிய விருந்து வைப்பார்கள். மீன் சூப்பு என் பொறுப்பு. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் வெந்தவள் நான். ஐம்பது பேருக்குச் சமைப்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அந்த வருடம் அண்டாவைத் தூக்க ஆள் வேண்டுமென்று ஆல்டனைக் கூட்டிப் போனேன்.

சூப்பு பரிமாறுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வழக்கம். ஒவ்வொரு வாரிசும் எழுந்து நின்று, சண்டைக்குப் போன தன் முன்னோரின் பெயரைச் சொல்வார். உடனே கூடம் முழுவதும் ஒரே குரலில், "ஆஜர்!" என்று பதில் சொல்லும். இப்படியே எல்லாப் பெயரும் முடிந்ததும் தலைவர் கடைசியாகக் கேட்பார்: "கூப்பிடாத பெயர் ஏதாவது உண்டா?" அது சும்மா சம்பிரதாயம். யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு நிமிடம் மௌனம், பிறகு ஜெபம், பிறகு சூப்பு.

ஆல்டன் அண்டாவைப் பிடித்தபடி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியவர், வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேரைச் சொன்னா அம்பது பேரு பதில் சொல்றாங்க, ரோடா."

"ஆமா, பாத்தேனே."

"இன்னும் கொஞ்ச நாள்ல எங்க ஜோதம் தாத்தா பேரைச் சொல்ல ஆளே இருக்காது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எழுந்து நின்னு சொல்லிட்டு வந்துடணும்."

அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் கேட்டதே இல்லை. சங்கத்தில் சேர வேண்டுமென்று அன்றே முடிவாகிவிட்டது.

சங்கத்தில் வம்சாவளி பார்க்கிறவர் மிசஸ் லெவரெட். முதுகு வளையாத மனுஷி. படைக்குப் போனவர்களின் பெயர்களை அச்சிட்ட புத்தகத்தில் 'ஜோதம் ஃபர்பிஷ்' இருப்பதை உடனே காட்டிவிட்டார். ஆல்டனிலிருந்து அந்த ஜோதம் வரை தலைமுறை தலைமுறையாகச் சான்று வேண்டும் என்றார். ஆல்டன் சேர்த்துக் கொடுத்தார். மிச்சம் இருந்தது ஜோதம் தாத்தாவின் கல்லறைக் கல்லின் புகைப்படம்.

"முழுக் கல்லும் தெரியணும் மிஸ்டர் ஃபர்பிஷ். எழுத்து ஒண்ணு விடாம" என்று சொல்லி அனுப்பினார்.

பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஏப்ரலில் நானும் ஆல்டனும் கொத்துக்கரண்டியோடு இடுகாட்டுக்குப் போனோம். கறுப்புப் பலகைக் கல், பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. மேலே பெயரும், 1811 மார்ச்சில் இறந்தார் என்பதும் தெரிந்தது. ஆல்டனுடைய தாத்தா, அப்பா, அப்புறம் இவர் என்று மூன்று பேரும் வருடம் தவறாமல் கொடி நட்ட கல் அது. ஆனால் அதன் அடிப்பகுதியை யாரும் பார்த்ததில்லை. பார்க்க அவசியமும் வந்ததில்லை.

ஆல்டன் மண்டியிட்டு மண்ணைத் தோண்டினார். நான் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு வரி வெளியே வந்தது. 'தம் வயதின் அறுபத்தைந்தாம் ஆண்டில்.'

ஆல்டன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். நானும் கணக்குப் போட்டேன். தப்பாகப் போட்டேனோ என்று மறுபடியும் போட்டேன். எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். இந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவர் பிறந்தது 1746-இல். கோட்டையைப் பிடித்தது அதற்கு முந்தின வருடம்.

"அப்ப போனது யாரு?" என்றார்.

என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். எங்கள் தேவாலய முற்றத்தில் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த மூன்று அபிகெய்ல்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை செத்துப்போனால், அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். பெயர் வீணாகிவிடக் கூடாது.

ஆக, முதலில் ஒரு ஜோதம் இருந்தான். அவன்தான் லூயிஸ்பர்க் போனான். திரும்பி வரவில்லை. அவன் செத்த வருடமே அம்மாவுக்கு இன்னொரு மகன் பிறந்தான், அவனுக்கு இவன் பெயரை வைத்தார்கள். ஆல்டன் அந்த இரண்டாமவனின் வம்சம்.

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

"மண்ணைத் தள்ளி மூடு" என்றேன். "மேல்பாதியை மட்டும் போட்டோ எடு. அந்த அம்மா என்ன, வந்து குனிஞ்சா பாக்கப் போறாங்க?"

அவர் மூடவில்லை. சிரித்தார். "வீட்டுல இருந்தவருக்கு நூறு வருசமா கொடி நட்டிருக்கோம், ரோடா. வைக்கோல் அள்ளுனவருக்கு! அவருக்கும் ஒரு காது கேக்காதோ என்னமோ."

"யோவ், சும்மா இரு."

"சண்டை முடிஞ்சிடுச்சான்னு அவரையும் கேட்டிருப்பாங்க, பாவம்" என்றார். கல்லடியில் மிச்சமிருந்த மண்ணையும் வழித்துப் போட்டார்.

போதகரிடம் சொல்லித் தேவாலயத்தில் ஞானஸ்நானமும் சாவும் எழுதி வைத்த பழைய புத்தகத்தைத் திறக்கச் சொன்னோம். நாங்கள் நினைத்தபடியேதான் இருந்தது. ஒரே பெற்றோருக்கு இரண்டு ஜோதம். மூத்தவன் கோட்டையில் காய்ச்சலில் செத்தபோது அவனுக்கு வயது பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை.

அன்று இரவு ஆல்டன் வீட்டு விளக்கு அணையவே இல்லை. காலையில் என் அடுக்களைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நான் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"நீ சொன்ன மாதிரி மூடி போட்டோ எடுத்தா, என்னைச் சேத்துக்குவாங்க."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

"அந்தப் பையனுக்குக் கல்லு இல்ல. புள்ளை இல்ல. பேராச்சும் இருந்துச்சான்னா, அதையும் தம்பிக்குக் கொடுத்துட்டாங்க. இருநூத்தம்பது வருசமா அவனை ஒருத்தரும் தேடல. நானும் தேடல, தெரியாமத்தான் போய் இடிச்சேன். இப்ப நானும் அவனை மூடிட்டு, அவன் பேர்ல போய் உக்காந்து சாப்பிடணுமா?"

முட்டையைப் பொரித்துத் தட்டில் போட்டு அவர் முன்னால் தள்ளினேன். சாப்பிட்டார்.

உண்மையை அப்படியே மிசஸ் லெவரெட்டிடம் சொல்லிவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேர் வாரிசா இருந்தாத்தான் உறுப்பினர் ஆக முடியும், மிஸ்டர் ஃபர்பிஷ். அண்ணன் தம்பி வழிக்கு இடமில்லை. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"ஏம்மா," என்று நான் ஆரம்பித்துவிட்டேன், "பத்தொம்பது வயசுல, கல்யாணம் ஆகாம செத்தவனுக்கு நேர் வாரிசு எங்கேருந்து வருவான்? வானத்துலேர்ந்தா குதிப்பான்? செத்து மடிஞ்சவனுக்கு உங்க விருந்துல இடமில்ல, பொழைச்சு வந்து பத்துப் புள்ளை பெத்தவனுக்குத்தான் இடமா?"

"விதியை நான் எழுதலை, ரோடா."

"அப்ப எழுதினவனைக் கூப்பிடுங்க!"

ஆல்டன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். மிசஸ் லெவரெட்டின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனசு. வாசல்வரை வந்து, "விருந்தாளியா வந்து சாப்பிடுங்க. அதுக்கு யார் அனுமதியும் வேணாம்" என்றார்.

அந்த மே மாதம் ஆல்டன் கொடியை இடம் மாற்றினார். ஜோதமின் அப்பா கல்லுக்கும் தம்பி கல்லுக்கும் நடுவே, அவன் வந்திருந்தால் படுத்திருக்க வேண்டிய இடத்தில் நட்டார். நட்டுவிட்டு, "இந்தக் கொடியைப் பாத்தா அவனுக்கு என்னன்னே தெரியாது" என்றார். உண்மைதான். அவன் செத்தபோது இந்தக் கொடியே பிறக்கவில்லை.

ஜூன் பதினேழு. ஆல்டன் ஐயோனின் அடக்கத்தன்று போட்ட அதே கோட்டும் சூட்டுமாக வந்தார். விருந்தாளிகளுக்கான மேசை சமையல்கட்டு வாசலை ஒட்டி இருந்தது. அவருடைய செவிட்டுக் காது என் பக்கம், நல்ல காது கூடத்தின் பக்கம். நான் அகப்பையோடு வாசலில் நின்றேன்.

வழக்கம்போல ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெயர், "ஆஜர்!" பெயர், "ஆஜர்!" கூடம் அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் ஆல்டனும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னார். எல்லாம் முடிந்தது. தலைவர் கண்ணாடிக் கோப்பையைக் கரண்டியால் தட்டிவிட்டு, "கூப்பிடாத பெயர் ஏதாவது உண்டா?" என்றார். கேட்டுக்கொண்டே ஜெபத்துக்குத் தலை குனிந்தார்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஆல்டன் எழுந்து நின்றிருந்தார்.

"ஜோதம் ஃபர்பிஷ்" என்றார். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காததால் கொஞ்சம் கத்தித்தான் சொன்னார். "வடக்கு ஹார்லோ. வயசு பத்தொம்பது. கோட்டையில செத்தான். வாரிசு கிடையாது."

அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லி அவர்கள் பார்த்ததே இல்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் மிசஸ் லெவரெட்டைப் பார்த்தார். அந்த அம்மா மடியில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தார். ஆல்டன் நல்ல காதைக் கூடத்தின் பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்படி ஒரு மனிதர் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"ஆஜர்" என்றேன்.

பெரிய குரலில் சொல்ல வேண்டுமென்றுதான் நினைத்தேன். ஊரையே அதட்டுகிற எனக்கு அன்று அவ்வளவுதான் வந்தது. என் குரல் அகப்பையைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம். தலைவர் அவசர அவசரமாக ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஆல்டன் உட்கார்ந்தார். சூப்பைக் குடித்தார், ஸ்ட்ராபெரி கேக்கையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். காலி அண்டா பின்னால் உருண்டு சத்தம் போட்டது. ஊர் எல்லை வந்ததும் அவர் முகம் முழுவதையும் என் பக்கம் திருப்பிக்கொண்டார். செவிட்டுக் காது என் பக்கம் இருந்ததால் அப்படித் திருப்பினால்தான் அவருக்குக் கேட்கும்.

"ரோடா, யாராச்சும் பதில் சொன்னாங்களா?"

"சொன்னாங்களே! கூடமே சொல்லுச்சு. உன் காதுல விழலையா?"

அவர் வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

"நல்ல காது கூடத்துப் பக்கம்தான் இருந்துச்சு. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"அப்ப சமையல்கட்டுப் பக்கமிருந்துதான் வந்திருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றேன்.

ஆல்டன் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐயோன் அடக்கத்தில்கூட அவர் அப்படி அழவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நானும் அழுதேன். அப்புறம் வீட்டுக்குப் போனோம்.